இரும்பு இல்லாத பேன்ட்

செய்தி வந்தபோது மணி நாலு பத்து. டாக்டரம்மாவின் அறைச் சுவரில் இருந்த கடிகாரம் நாலேகால் காட்டியது, அது எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். அவள் தன் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. கெட்ட சேதி வரப்போகிறது என்றால் கை தானாக எதையாவது சரிபார்க்கும் போலிருக்கிறது.

"உட்காருங்கம்மா" என்றார் டாக்டரம்மா. ஆனால் தான் உட்காரவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்குக் கேன்சர். முதுகெலும்புல மூணு இடத்துல பரவியிருக்கு. அதான் அந்த வலி. ஆரம்பிச்சது ப்ராஸ்டேட்ல. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கே, அந்தச் சுரப்பி."

அவளுக்கு முதலில் பயமே வரவில்லை. டாக்டரம்மா வேறு யாருடைய காகிதத்தையோ பார்த்துவிட்டுப் பேசுகிறார் என்றுதான் பட்டது.

"இல்லீங்க, அது வெறும் வீக்கம்தான். வயசானா வர்றது. ஸ்கேன்லயே தெரிஞ்சுதே."

"எந்த ஸ்கேன்?"

"போன வருஷம் எடுத்தது. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, அந்தக் காந்த ஸ்கேன். எம்ஆர்ஐ."

டாக்டரம்மா கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"எழுதிக் குடுத்தேன், வாஸ்தவம். ஆனா ரிப்போர்ட் எனக்கு வரவே இல்லம்மா. அவரும் வரல. ரெண்டு தடவ ஃபோன் பண்ணச் சொன்னேன். ஊர்ல இல்லன்னு பதில் சொல்லியிருக்கார்."

"ஊர்ல இல்லையா? அவரு இந்த ஊரை விட்டுத் தாண்டியே ஒம்பது வருஷம் ஆச்சுங்களே!"

இதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குக் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அவள் கணவர் இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர். நூற்றுப்பன்னிரண்டு படி ஏணி ஏறினால் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதுதான் அவருடைய ஆபீஸ். அங்கே உட்கார்ந்துகொண்டு கீழே கிடக்கும் இரும்புத் தகடுகளையும் உத்தரங்களையும் கொக்கியால் தூக்கி லாரியில் வைப்பார். கிடங்கில் அவருக்குப் பேர் கழுகு. ஒரு பந்தயத்தில் வந்த பேர் அது. கீழே நிறுத்தியிருந்த டீ கிளாசின் விளிம்பை, மாட்டுத்தலை அளவு கொக்கியால், சத்தம் வராமல் தொட்டுக் காட்டினார். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு சட்டத்தைக்கூட அவர் கீழே போட்டதில்லை.

இன்னொன்றுக்கும் அவருக்குப் பேர் உண்டு. இரவு ஷிப்டுக்குப் போகவே மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூடப் போனதில்லை. யாரிடமாவது கெஞ்சி, மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட்டுக்கொடுத்துப் பகல் வேலையாக வாங்கிவிடுவார்.

"கழுகு ராத்திரியில பறக்காதுப்பா. கூட்டுல வீட்டம்மா காத்துட்டிருக்கும்ல!" என்று கிடங்கே சிரிக்கும்.

அந்தக் கேலி அவள் காதுக்கும் வரும். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் செருப்பைக் கழற்றும் சத்தம்தான் அந்த வீட்டின் விளக்கேற்றும் நேரம். முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். துணி கொண்டுவரும் பெண்களிடம், "இருட்டிட்டா அவருக்கு வீட்டுல இருந்தாகணும், வேற எங்கயும் கால் நிக்காது" என்று, குறை சொல்வதுபோலச் சொல்லிக்கொள்வாள்.

ஐம்பத்தாறு வயதில் அவருக்கு மூத்திரத் தொந்தரவு வந்தது. வரும், வராது. வந்தது போல இருக்கும், முடிந்திருக்காது. கூண்டிலிருந்து இறங்கி ஏறுவதற்குள் இன்னொரு தடவை முட்டும். கடைசியில் கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்துக்கொண்டார். "மேல பாத்து நடங்கடா, கழுகு எச்சம் போடப் போகுது" என்று கீழே ஒருத்தன் சொன்னதை அவரே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். அவள்தான் சிரிக்காமல், கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ரத்தப் பரிசோதனையில் ஓர் அளவு கூடுதலாக இருந்தது. டாக்டரம்மா கையால் பார்த்ததில் சுரப்பி பெரிதாக இருந்தது. வெறும் வீக்கத்துக்கும் அந்த அளவு ஏறும், புற்றுநோய்க்கும் ஏறும். எதுவென்று காந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதிக்கொடுத்தார். கம்பெனி ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் கிடையாது. இரண்டு தெரு தள்ளி ஒரு ஸ்கேன் மையம். அதில் மெஷினை இயக்குகிறவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளில் போட்ட வெள்ளைக் கோட்டு அவள் தைத்தது.

அன்றைக்கே தம்பி வீட்டுக்கு வந்து, அவளுடைய தையல் சாக்கட்டியால் மேசைமேல் படம் போட்டு விளக்கினான்.

"வெறும் வீக்கம்னா நடுவுல உருண்டை உருண்டையா வளரும்க்கா. ஒவ்வொரு உருண்டைக்கும் சுத்தி வரப்பு கட்டின மாதிரி கோடு தெரியும். கெட்டதுன்னா வரப்பு இருக்காது. பெரும்பாலும் வெளி ஓரத்துல, வெள்ளையா இருக்க வேண்டிய இடத்துல, விரலால தேச்ச மாதிரி கருப்பா இருக்கும். அதுவும் போதலேன்னா, உள்ள இருக்கிற தண்ணி தாராளமா நகருதா, நெருக்கியடிச்சு நிக்குதான்னு பாக்கறதுக்கு இன்னொரு படம் இருக்கு. சந்தேகம்னா ஊசி வச்சு சதை எடுப்பாங்க. சந்தேகம் இல்லேன்னா ஊசியே வேண்டாம்னு டாக்டர் சொன்னாலும் சொல்லிடுவாங்க."

"பார்றா, எங்க மாப்ள வயித்துக்குள்ளயே வாய்க்கா வரப்பு பாக்கறான்" என்றார் கழுகு.

"ஒரு விஷயம் அத்தான். உடம்புல ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. அந்தக் காந்தம் பொல்லாதது. போன மாசம் பெருக்கற அம்மா ஒரு இரும்பு வாளிய வாசப்படி வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க. வாளி பறந்து போய் மெஷின்ல ஒட்டிக்கிச்சு. நாலு பேர் சேந்து பிடுங்க வேண்டியதாப் போச்சு."

கழுகு அதற்குச் சிரித்தார். ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அங்கே போனால் மாற்றிக்கொள்ள உடுப்பு கொடுப்பார்கள் என்று தம்பி சொன்னான். அவள் கேட்கவில்லை. ஊரார் உடுத்திக் கழற்றியதை இவர் எதற்குப் போட வேண்டும்? அவருடைய சாம்பல் நிற பேன்ட்டை எடுத்து ஜிப்பைப் பிரித்தாள். இடுப்புக் கொக்கியைப் பிரித்தாள். அதற்குப் பதிலாகத் துணி நாடா வைத்துத் தைத்தாள். தரையில் சிந்தும் ஊசிகளைப் பொறுக்குவதற்கு அவளிடம் ஒரு லாட காந்தம் உண்டு. அதைத் தையல் தையலாக ஓட்டிப் பார்த்தாள். கால் மடிப்பிலிருந்து, எந்தக் காலத்திலோ விட்டுப்போன குண்டூசி ஒன்று துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா! இது ஒண்ணு போதாதா?" என்றாள்.

"அப்படியே என் மேலயும் ஓட்டிப் பாத்துடு. சந்தேகம் எதுக்கு?"

அவளும் விளையாட்டாக ஓட்டினாள். வயிறு, மார்பு, தோள். கன்னத்துக்குக் கிட்டே கொண்டுபோனதும் அவர் படக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன?"

"கூசுது."

ஸ்கேன் அன்றைக்கு அவருடைய மோதிரம், சாவி, கடிகாரம், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு துணிப்பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிடம் ஆகும் என்று சொல்லியிருந்தான் தம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் 'டக டக' என்று இடித்துக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். கழுகு பளிச்சென்று சிரித்தார். "முடிஞ்சுது. வெறும் வீக்கம்தானாம். மாத்திரை போதும்" என்றார். அவள் தம்பியைப் பார்த்தாள்.

"டீ குடிக்கிறியாக்கா?" என்றான் தம்பி.

டாக்டரம்மா முதல் நாளே எழுதிக்கொடுத்திருந்த மாத்திரையில் தொந்தரவு பாதியாகக் குறைந்தது. நாடா வைத்த பேன்ட்டை அவர் விடவே இல்லை. "அவசரத்துக்கு ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், இதுல இருக்கிற சுகம் எதுலயும் இல்ல" என்றார். பதினாலு மாதம் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். இப்போது கிரேனில் இருபத்தைந்து வருஷம் முடிந்ததற்குக் கம்பெனியில் விழா வைத்து மேடையேற்றப் போவதாகத் தகவல் வந்தது. நாடா கட்டிக்கொண்டு மேடை ஏறுவதா என்று அவள் ஜிப்பைத் திரும்ப வைக்கத் துணியைப் பிரித்தாள். அந்த வாரத்திலேயே ஒருநாள் கூண்டில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஏணியில் கால் வைக்க முடியவில்லை. கடைசியில் பக்கத்து கிரேனில் ஒரு கூடையைக் கட்டி, அதில் உட்கார வைத்து இறக்கினார்கள். சுளுக்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் செய்தி வந்த அன்றும் மூன்று மணிவரை அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்தவள் கணவர் படுத்திருந்த வார்டுக்குப் போகவில்லை. நேராகப் படி இறங்கி, இரண்டு தெரு நடந்து, ஸ்கேன் மையத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி யாருக்கோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தான்.

"அக்கா... டீ குடிக்கிறியா?"

"அன்னைக்கும் இதத்தாண்டா கேட்ட."

அவன் அவளைப் பின்பக்கம், துணி மாற்றும் சின்ன அறைக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது. யாரும் உட்காரவில்லை.

"உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் படிச்சு ஒவ்வொண்ணா கேக்கணும்க்கா. சொந்தக்காரர்தானேன்னு நானே டிக் போட்டுட்டு வந்தேன். ஒரே ஒரு கேள்விய வாய்விட்டுக் கேட்டேன். கண்ணுல எப்பவாவது இரும்புத் துகள் பட்டிருக்கான்னு. அவர் பதில் சொல்லல. அந்த வாளிக் கதை நெசமான்னு திருப்பிக் கேட்டார்."

இருபத்திரண்டு வயதில், பட்டறையில் சாணை பிடிக்கும்போது இடது கண்ணில் தெறித்தது. கழுவி விட்டார்கள். ஒரு பொடி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் கண்ணில் பனிமூட்டம் போலத்தான் தெரியும். தம்பி உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தான். கண்குழிக்குள் கடுகளவு வெள்ளையாக இருந்தது. அந்தக் காந்தத்துக்குள் அவரை அனுப்பினால் கடுகு நகரும், கண் போகும். ஸ்கேன் எடுக்கவே முடியாது.

"அப்ப நாப்பது நிமிஷம்?"

"எக்ஸ்ரே அஞ்சு நிமிஷம். மிச்சம் முப்பத்தஞ்சும் சண்டை. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ கேட்ட சத்தம், கூட வேலை பாக்கறவன் வேற ஆளுக்கு ஓட்டினது."

ஸ்கேன் முடியாவிட்டால் என்ன, டாக்டரிடம் போய்க் காரணத்தைச் சொல்லுங்கள், நேரடியாக ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பார்கள் என்று தம்பி சொன்னானாம். காரணத்தைச் சொன்னால் அது கம்பெனிக் கோப்பில் ஏறும் என்றாராம் அவர். அப்புறம் யாரும் அவரைக் கூண்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கீழே நாற்காலி போட்டுச் சீட்டு எழுத வைப்பார்கள். ஒற்றைக்கண் கழுகு என்பார்கள். போகிறேன், போய்ச் சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று அவனிடம் சத்தியம் வாங்கினார். ஒரு மாதம் கழித்து, சதை எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொன்னார்.

"காகிதத்தக் காட்டுங்கன்னு கேட்டேன்க்கா. நீ என்ன போலீஸான்னார். சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"உன் தலைமேல சத்தியம் பண்ணச் சொன்னார்."

"என் தலையை வச்சு சத்தியம் பண்ணீங்களே ரெண்டு பேரும். தலைக்குச் சொந்தக்காரி வெளியதானடா உக்காந்திருந்தேன்?"

அவளிடம் ஸ்கேன் என்றார், அவனிடம் ஊசி என்றார். ஆளுக்கு ஒரு பொய்யை அளவெடுத்துக் கொடுத்திருந்தார். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

தம்பி அழுதான். அழுகையோடு அழுகையாக, அக்காவுக்கு ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, அந்த ஒன்றையும் சொல்லிவிட்டான்.

"பாவம்க்கா அவரும். ஒத்தக் கண்ணுல ஆழம் தெரியாதாம். கொக்கியோட நிழல் தரையில விழும்ல, அதப் பாத்துதான் இறக்குவாராம். நிழலும் கொக்கியும் சேந்துட்டா தரை வந்துடுச்சுன்னு அர்த்தம். ராத்திரியில நாலு பக்கமும் விளக்குப் போட்டா நாலு நிழல் விழுது, எது நெசம்னு தெரியாது. அதனாலதான் ராத்திரி வேலைக்கே போறதில்லன்னு சொன்னார்."

அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

வார்டுக்கு வந்தபோது அவர் விழித்துத்தான் இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துபோயிற்று. இருபத்துநாலு வருஷப் பழக்கம் அதற்காவது உதவியது.

"மாப்ள உளறிட்டானா?"

"வருஷா வருஷம் முகம் மழிக்கும்போது ஏதோ எழுத்தா முணுமுணுப்பீங்களே. கேட்டா கிரேன் பார்ட் நம்பர்ம்பீங்க."

"கம்பெனியில கண்ணு டெஸ்ட் பண்ற போர்டு. மனப்பாடம். ஒரு வருஷம் போர்டை மாத்திட்டான். அன்னைக்குக் கண்ணுல தூசின்னு சொல்லிட்டு வந்து, மறுநாள் போய்ப் பாத்துப் படிச்சேன்" என்றார். இந்த நிலைமையிலும் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒத்தக் கண்ணால பாத்துத்தான் உன்னக் கட்டினேன். ஏமாந்துட்டேன்னு நான்ல சொல்லணும்?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் சிரித்திருப்பாள். அன்றைக்கும் உதடு ஒரு கணம் கோணியது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ராத்திரி வேலைக்குப் போகாம இருந்தீங்களே. அது எதுக்காக?"

ஒரு பொய் சொன்னால் போதும், அதை வாங்கி வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதினாலு மாதம் தடையில்லாமல் வந்த பொய், கேட்ட இடத்தில் வரவில்லை.

"நிழலுக்காகத்தான்" என்றார்.

"சரி" என்றாள் அவள். தலையணையை நிமிர்த்தி வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவர் நாலு மாதம் இருந்தார். ஊசிகள் போட்டார்கள், முதுகுக்குக் கதிர்வீச்சு வைத்தார்கள், வலி கொஞ்சம் கேட்டது. அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. துடைத்தாள், திருப்பிப் படுக்க வைத்தாள், மாத்திரைக்கு நேரம் தப்பியதில்லை. பேச்சு மட்டும் வேலைக்கு வேண்டிய அளவே இருந்தது. கோபமா என்று அவர் ஒருநாள் கேட்டார். "கோவம்னா தீந்துபோயிருக்கும்" என்றாள்.

விழாவைக் கம்பெனிக்காரர்கள் அவர் வராமலேயே நடத்தினார்கள். பட்டயத்தைக் கண்ணாடி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கழுகின் கண் என்று அதில் அச்சடித்திருந்தது. அவள் வாங்கி பீரோவுக்குப் பின்னால் வைத்தாள்.

இடையில் ஒருநாள் எதிர்வரிசை டயர் கடைக்காரர் பழங்களோடு வந்தார். வந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கழுகின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எனக்கும் இதே தொந்தரவுதான். பயந்துகிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தேன். உங்க வீட்டம்மாதான், எங்க வீட்டுக்காரர் ஸ்கேன் எடுத்தாரு, ஒண்ணுமில்ல, நீங்களும் எடுங்கன்னு விரட்டினாங்க. நீங்களும் சொன்னீங்க, குகைக்குள்ள படுத்தாப்புல இருக்கும், மேளம் அடிக்கிற மாதிரி சத்தம் வரும், கண்ண மூடிக்கிட்டாத் தூக்கமே வந்துடும்னு. அதே மாதிரிதாண்ணே இருந்துச்சு! அச்சு அசல்! ஓரத்துல சின்னதா ஒண்ணு தெரிஞ்சுது. அதுக்குள்ளயே எடுத்துட்டாங்க. இப்ப நான் கல்லு மாதிரி இருக்கேன். உங்களுக்குத்தான் ஸ்கேன்ல தெரியாமப் போச்சு பாருங்க. என்ன விதியோ."

கழுகு அவளைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்ற பார்வை. அவள் பழத்தை வாங்கி உள்ளே வைக்கப் போனாள். சொல்லவில்லை. இன்றுவரை அந்தத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய பொய் இப்போது அவள் காவலில் இருக்கிறது. அவரைவிட அவளே அதை நன்றாகக் காப்பாற்றுகிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெயில் ஜன்னலைத் தொடும் நேரத்தில் அவர் போனார். தம்பிதான் எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்தான். கடைசியாக என்ன உடுத்துவது என்று வந்தபோது, "அந்தச் சாம்பல் பேன்ட் அத்தானுக்குப் பிடிக்குமேக்கா" என்றான்.

"அது ஆகாது. இன்னும் வேலை இருக்கு அதுல" என்றாள்.

வேட்டிதான் கட்டினார்கள். தம்பி வாரத்துக்கு ஒருமுறை வருகிறான். டீ போட்டுக் கொடுக்கிறாள், குடித்துவிட்டுப் போகிறான். துணிகள் வருகின்றன, தைத்துக் கொடுக்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை நிறுத்தி விளக்குப் போடுகிறாள்.

சாம்பல் பேன்ட் மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ஜிப்பின் இடது பக்கம் தைத்தாயிற்று. வலது பக்கம் இன்னும் ஐந்து குண்டூசிகளில் நிற்கிறது.